பாடசாலைப் பிள்ளையும் பஸ் வண்டியும்



காலை ஆறு மணி தொடக்கம் ஏழரை மணி வரையும், பின்பு பாடசாலை கலையும் வேளையிலே மேலும் ஒரு மணி நேரமும், நம் நாட்டின் வீதிகள் பிள்ளைகளுக்கு உரியவை. பருத்தித்துறை வீதியிலாயினும் சரி, மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் பாலத்திலாயினும் சரி, அற்றன் மலைச்சரிவிலாயினும் சரி, அவ்வேளையிலே வெள்ளைச் சீருடை அணிந்த சிறுவரையும் சிறுமியரையும் காணாது அரை மைல் தூரம் செல்லல் அரிது. 1945ஆம் ஆண்டிலே, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், கல்வி இலவசமாயிற்று. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று. முன்னது பாடசாலையின் கதவைத் திறந்தது. பின்னது அக்கதவு வரைக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துணைநின்றது. பருவச்சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து மைல் தொலைவிலுள்ள மத்திய கல்லூரிக்குப் போய்வந்து படித்து முன்னுக்கு வந்தோர் எத்தனையோ பேர். ஆகவே பஸ் வண்டியைப் பழித்துரைப்பதற்கு நான் இங்கு வரவில்லை. அதனைச் சூழ்ந்துள்ள சில அடி நிலத்தைப்பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

பஸ்ஸினுள் அமர்ந்திருக்கும் பிள்ளை, மோட்டார்ச் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு செல்லும் பிள்ளையைக் காட்டிலும் மிகுந்த பாதுகாப்புடன் இருக்கிறது. வண்டி பெரிது, பாரம் மிக்கது, பிள்ளை தரைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. ஆபத்து வருவது ஏறும்போதும் இறங்கும்போதும், இறங்கியபின் வைக்கும் முதற் சில அடிகளிலுமே. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பாடசாலைப் பஸ் தொடர்பான மரணங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள், வண்டிக்குள்ளிருந்து இறந்த மாணாக்கரைவிட வண்டிக்கு வெளியே, அதனை அணுகும்போதோ விட்டு நீங்கும்போதோ இறந்த மாணாக்கரே அதிகம் என்று கண்டனர். வண்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்தடி தூரத்துக்குட்பட்ட நிலத்தை அந்நாட்டார் ஆபத்து வலயம் என்றே பெயரிட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். பத்தடி என்பது ஏறத்தாழ மூன்று மீற்றர்; வளர்ந்த மனிதன் ஒருவனுக்கு நாலைந்து எட்டு.

அமெரிக்காவைக் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. பாடசாலைப் பஸ் என்றதும் உலகெங்கும் மனக்கண்ணில் தோன்றும் அந்த மஞ்சள் வண்டி, ஓர் ஆசிரியரின் கவலையிலே பிறந்தது. 1930களில் அந்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகள் கிடைத்த வாகனத்திலெல்லாம் ஏற்றிச் செல்லப்பட்டனர். லொறிகள் இருந்தன, குதிரை பூட்டிய வண்டிகள்கூட இருந்தன. ஓரிடத்திலே, பிள்ளைகளுக்குத் தேசபக்தி வளரட்டும் என்று பஸ்களுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என நாட்டுக் கொடியின் நிறங்களைத் தீட்டியிருந்தனர். நோக்கம் நல்லதே, ஆயினும் பல நிறம் கலந்த வண்டி தூரத்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குச் சுற்றுப்புறத்தோடு ஒன்றிப்போகும். கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த பிராங்க் சீர் என்னும் பேராசிரியர், 1939 ஏப்பிரல் மாதத்தில், கல்வி அதிகாரிகளையும் பஸ் உற்பத்தியாளரையும் வண்ணம் தயாரிப்போரையும் நியூயோர்க் நகரிலே ஒன்றுகூட்டினார். ஏழு நாள்கள் அவர்கள் ஆலோசித்தனர். எலுமிச்சை மஞ்சள் தொடக்கம் கடுஞ்செம்மஞ்சள் வரை பல சாயல்களைச் சுவரிலே தொங்கவிட்டு ஒப்புநோக்கி ஒன்றைத் தெரிந்தெடுத்தனர். அதிகாலையின் அரைவெளிச்சத்திலும் அந்த மஞ்சளின்மேல் எழுதிய கறுப்பெழுத்து தெளிவாகத் தெரியும் என்பதே அதற்குக் காரணம். கடைக்கண்ணால் நோக்குபவனுக்கும் அந்நிறம் விரைவிற் புலனாகும் என்பதைப் பிற்காலத்தவரும் எடுத்துக்காட்டினர். நிறத்தோடு சேர்த்து, வண்டியின் நீளம், உயரம், நடுவே செல்லும் வழியின் அகலம் என 44 நியமங்கள் அக்கூட்டத்திலே வகுக்கப்பட்டன.

நிறம் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது. அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் ஒன்றுண்டு. பாடசாலைப் பஸ் நின்று, அதன் சிவப்பு விளக்குகள் மின்னி மின்னி எரிந்து, பக்கவாட்டிலே எண்கோண வடிவான ‘நில்’ என்னும் பலகை நீட்டப்பட்டதும், பின்னால் வரும் வாகனங்கள் நிற்றல் வேண்டும். நடுவே தடுப்பில்லாத சாதாரண வீதியாயின், எதிரே வரும் வாகனங்களும் நிற்றல் வேண்டும். வீதி முழுவதும் அசைவற்றிருக்கும் அந்த இடைவெளியிலே பிள்ளை, சாரதி தன்னைக் காணத்தக்கதாகப் பத்தடி முன்னே சென்று, வண்டியின் முன்புறமாகக் கடக்கின்றது. சட்டத்தை மீறி முந்துவோர் அங்கும் இருக்கின்றனர். ஆயினும் சட்டம் பிள்ளையின் பக்கம் நிற்கின்றது.

இங்குதான் நாம் மிக்க கவனமாயிருத்தல் வேண்டும். மேலைநாட்டிலே அச்சிட்ட அழகிய படப்புத்தகங்களும், இக்காலத்திலே கைத்தொலைபேசியில் வந்து குவியும் சிறு படங்களும், ‘பஸ்ஸுக்கு முன்னால் நடந்து வீதியைக் கட’ என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. அந்த அறிவுரை அந்நாட்டுக்குரியது. நின்ற பஸ்ஸை முந்திச் செல்லாது பின்னால் காத்து நிற்கும் வழக்கம் நம் வீதிகளில் இல்லை. நின்ற பஸ்ஸைக் கண்டால் முந்துவதற்கு வாய்ப்புக் கிடைத்ததென்று விரைவோரே பலர். அப்படியிருக்க, இரவல் அறிவுரையை அப்படியே எடுத்துக் கையாண்டால் பிள்ளையை நாமே சில்லுக்கு முன்னால் அனுப்பியவர்களாவோம். நம் பிள்ளைக்குச் சொல்லவேண்டியது வேறு: இறங்கு, வீதியோரத்திலிருந்து நன்றாக விலகி நில், பஸ் புறப்பட்டுப் போகட்டும், இருபக்கமும் வீதி உன் கண்ணுக்கு முழுமையாகத் தெரியட்டும், பிறகு கட.

அதன் காரணத்தைச் சிறிது விளக்குகின்றேன். காரணம் தெரிந்த பெற்றார் சொல்லும் சொல்லுக்கு வீட்டிலே வலிமை அதிகம். நம் நாட்டிலே வாகனங்கள் இடப்புறமாகச் செல்கின்றன. பஸ்ஸின் வாயிலும் இடப்புறத்திலே உள்ளது. இறங்கும் பிள்ளை நிலத்திலே காலூன்றும்போது அதன் பின்னே வேலி, முன்னே பஸ் என்னும் சுவர். அச்சுவருக்கு அப்பால் என்ன வருகிறதென்று பிள்ளைக்குத் தெரியாது. அப்பால் வருபவனுக்கும் பிள்ளை தெரியாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடும். பஸ்ஸின் நீளம் ஏறத்தாழ 10 மீற்றர். பஸ்ஸின் பின்முனையிலே தோன்றிய முச்சக்கரவண்டி அதன் முன்முனையைத் தாண்டுவதற்கு முக்காற் செக்கன்கூடச் செல்லாது. பஸ்ஸின் மூக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு பிள்ளை ஓடிவருகிறதென வைத்துக்கொள்வோம். அதனைக் கண்ட சாரதியின் கால் தடைக்கட்டையை மிதிப்பதற்கே ஒரு செக்கன் வேண்டும். மிதித்தபின் வண்டி நிற்பதற்கு, உலர்ந்த வீதியிலே, மேலும் பதினான்கு மீற்றராவது வேண்டும். மழைக்காலத்திலே அத்தூரம் இரட்டிக்கும். இந்தக் கணக்கிலே சாரதியின் திறமைக்கு இடமேயில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். உலகத்திலே சிறந்த சாரதியாயினும் அவனாலும் நிறுத்த முடியாது.

பஸ்ஸுக்குப் பின்புறமாகக் கடப்பது தீங்கற்றது என்று நினைப்போரும் உளர். பின்புறமாகக் கடக்கும் பிள்ளைக்கு எதிர்த்திசையிலே வரும் வாகனம் மறைந்துபோகிறது, அவ்வளவே வேறுபாடு.

இனி, தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைமேல் உள்ள அன்பினாலேயே விளையும் ஆபத்து ஒன்றுண்டு. பாடசாலை விட்டு வரும் பிள்ளையை அழைத்துச் செல்வதற்காகத் தாய் தன் வீட்டு ஒழுங்கையின் முகப்பிலே வந்து நிற்கிறாள். பஸ்ஸோ வீதியின் மறுபுறத்திலே நிற்கிறது. பிள்ளை இறங்குகிறது, தாயைக் காண்கிறது, தாய் கையசைக்கிறாள். அக்கணத்திலே பிள்ளையின் உலகில் வீதி இல்லை, வாகனம் இல்லை, தாய் மட்டுமே இருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை அப்போது என்ன செய்யும்? ஓடும். எத்தனை நாள் சொல்லிக்கொடுத்திருந்தாலும் ஓடும். தாய் இரண்டு நிமிடம் முன்னதாக வீதியைக் கடந்து, பஸ் நிற்கும் பக்கத்திலே நின்றிருந்தால், பிள்ளை ஓடினாலும் தாயின் மடியிலேதான் வந்து விழும். வீட்டிலே பாட்டாவோ பெரியம்மாவோ பிள்ளையை எதிர்கொள்ளச் செல்வதாயினும் இதுவே விதி. எதிர்ப்பக்கத்திலே நின்றுகொண்டு பெயர் சொல்லி அழைப்பதைப்போலக் கொடிய பழக்கம் வேறில்லை. செலவில்லாத, சட்டமில்லாத, அரசாங்கத்தை எதிர்பாராத பரிகாரம் இது. இன்றைய பேச்சிலே எதை மறந்தாலும் இதை மறவாதிருக்கும்படி வேண்டுகிறேன்.

‘நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், இந்தப் பிள்ளை கேட்பதில்லை’ என்று பெற்றார் கடிந்துகொள்வதைக் கேட்கின்றோம். கேட்பதற்கு மனமிருந்தாலும் அதற்கு ஆற்றல் போதாது என்பதே உண்மை. உளவியலறிஞர் கூறுவதன்படி, ஒன்பது பத்து வயதுவரை பிள்ளைகளுக்குத் தம்மை நோக்கி வரும் வாகனத்தின் வேகத்தைச் சரியாக மதிப்பிடும் ஆற்றல் முழுமையாக அமைவதில்லை. தூரத்திலே வேகமாக வரும் வாகனம் அவர்களுக்கு அசையாது நிற்பதுபோலத் தோன்றலாம். ஓசை எத்திசையிலிருந்து வருகிறதென்று அறிவதிலும் தடுமாறுவர். மேலும் பிள்ளையின் கண், வளர்ந்தவரின் இடுப்பளவு உயரத்திலேயே இருக்கின்றது. தரித்து நிற்கும் காரின் மேலாக நாம் வீதியைப் பார்க்கிறோம். பிள்ளை அக்காரின் கதவைத்தான் பார்க்கிறது. ஆதலால், சிறு பிள்ளையின் கையைப் பிடித்தே வீதியைக் கடக்கவேண்டும் என்பது செல்லம் கொடுத்தல் அன்று. மூத்த மாணாக்கருக்கு இளையோரை ஒப்படைப்பதும் நல்லதே. எனினும் பதினொரு வயதுச் சகோதரியின் கையிலே ஆறு வயதுத் தம்பியை ஒப்படைத்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. அச்சிறுமியும் பிள்ளைதான்.

வீதியைக் கடக்கும் ஆபத்தைக் கூறினேன். வண்டியே ஆபத்தாகும் வேளையும் உண்டு. நம் பஸ்கள் பெரும்பாலும் தட்டையான முகப்புடையவை. சாரதி உயரத்திலே அமர்ந்திருக்கிறார். முகப்பை ஒட்டி நிற்கும் சிறு பிள்ளையை அவர் காணமாட்டார். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே குனிந்திருக்கும் பிள்ளையை எந்தக் கண்ணாடியும் நன்றாகக் காட்டாது. பிள்ளை ஏன் அங்கே குனிகிறது? பெரும்பாலும் ஏதோவொன்று கைதவறி விழுந்திருக்கும். தண்ணீர்ப் போத்தல் உருண்டு வண்டிக்குக் கீழே போயிருக்கும். கொப்பியிலிருந்து ஒரு தாள் பறந்திருக்கும். நாளைக்கு ஆசிரியர் கேட்பாரே என்ற அச்சம் பிள்ளையை வண்டியின் கீழே அனுப்புகிறது. ‘விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டும், புதிது வாங்கித் தருவேன்’ என்று பெற்றார் முன்கூட்டியே வாக்களித்து வைத்தல் நலம். போத்தலைத் தொலைத்த பிள்ளையைத் திட்டும் வீட்டிலேதான் இவ்வாபத்து அதிகம் என்பது என் துணிபு.

2022 மார்ச் மாதத்திலே சென்னை வளசரவாக்கம் பகுதியில், பள்ளி வண்டியிலிருந்து இறங்கிய இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், பள்ளி வளாகத்துக்குள்ளேயே அவ்வண்டியின் சில்லில் அகப்பட்டு இறந்தான். வீதியிலன்று, பள்ளியின் மதிலுக்குள்ளே நேர்ந்தது அது. அதன்பின் தமிழ்நாட்டு அரசு, பள்ளி வண்டிகளின் முன்னும் பின்னும் நிழற்படக் கருவிகளையும், பின்னோக்கிச் செல்கையில் எச்சரிக்கும் கருவியையும் பொருத்தவேண்டும் என விதிகளைத் திருத்தியது. நம் ஊர்களிலே பாடசாலை வான்கள் ஒழுங்கைகளிலும் வீட்டுப் படலைகளிலும் பின்னோக்கிச் சென்று திரும்புவதை நாள்தோறும் காண்கிறோம். அண்ணனை ஏற்றிச்செல்ல வந்த வானுக்குப் பின்னால், இன்னும் பாடசாலைக்குப் போகாத தங்கை தத்தித் தத்தி வந்து நிற்பாள். வான் வரும் நேரத்திலே வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தை யாருடைய இடுப்பில் இருக்கிறது என்பதை ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும்.

அதே சென்னையின் புறநகராகிய தாம்பரத்தை அடுத்து, 2012 யூலை 25ஆம் நாள் நிகழ்ந்ததை நேயர்களிற் சிலர் அறிந்திருப்பர். பள்ளிப் பஸ்ஸின் தளத்திலே துளையொன்று இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டியின் அத்துளை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி வீதியில் விழுந்தாள். பின்சில்லு அவள்மேல் ஏறிற்று. மக்கள் கொதித்தெழுந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் எவரும் வழக்குத் தொடுக்காமல் தானாகவே அவ்விடயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பஸ்களுக்கென்று தனிவிதிகளைத் தமிழ்நாட்டு அரசு இயற்றிற்று. பள்ளி தொடங்குமுன் ஆண்டுதோறும் வண்டிகளை மைதானத்திலே வரிசையாக நிறுத்தி, தளம், கதவு, அவசர வாயில், தீயணைக்கும் கருவி ஆகியவற்றை அதிகாரிகள் சோதித்தல் அங்கே வழக்கமாயிற்று. அத்துளை ஒரே நாளிலே தோன்றியிராது. அதன்மேல் நாள்தோறும் எத்தனையோ பிள்ளைகள் கால் வைத்திருப்பர். எவரோ ஒருவர் அதைக் கண்டுமிருப்பர். நம் பிள்ளை ஏறிச்செல்லும் வானின் உள்ளே பெற்றாராகிய நாம் எத்தனை பேர் ஒருமுறையாவது ஏறிப் பார்த்திருக்கிறோம்? மாதக் கட்டணத்தை யன்னலூடாக நீட்டுவதோடு நம் தொடர்பு முடிகிறது. ஒரு நாள் உள்ளே ஏறி அமர்ந்து பாருங்கள். சாரதி நல்லவராயின் மகிழ்வார்.

பொது பஸ்களைப்பற்றி ஒரு குறையை மறையாது சொல்லவேண்டும். பருவச்சீட்டுடன் நிற்கும் மாணாக்கர் கூட்டத்தைக் கண்டதும், தரிப்பிடத்திலே நிறுத்தாது ஐம்பது யார் தாண்டிச் சென்று நிறுத்தும் வழக்கம் பல சாரதிகளிடம் உண்டு. சிலர் நிறுத்துவதேயில்லை. முழுக்கட்டணம் கொடுக்கும் பிரயாணிக்கு இடம் வேண்டுமாம். தாண்டி நின்ற பஸ்ஸை நோக்கிப் பிள்ளைகள் புத்தகப் பை முதுகிலே குதிக்க ஓடுகின்றனர். முன்னே ஓடியவன் மிதிபலகையிலே கால் வைக்குமுன் மணி அடிக்கப்படுகின்றது. பின்னே ஓடியவன் கைபிடியைப் பற்றிக்கொண்டு இழுபடுகின்றான். மிதிபலகையிலே தொங்கும் மாணவனைப் பார்த்து ‘இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமில்லை’ என்கிறோம். அவர்களிலே துணிச்சலைக் காட்டுவதற்காகத் தொங்குவோர் இல்லாமலில்லை. ஆனாற் பலருக்கு, தொங்காவிடில் முதலாம் பாடம் தவறும், இதுவே கதை. கிராமங்களிலே தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் ஆதரவிலே ஓடும் ‘சிசு செரிய’ பஸ்கள் மாணாக்கருக்கென்றே விடப்படுவதால் இவ்விடர் அங்கே குறைகின்றது. அச்சேவை இல்லாத பாதைகளிலே, நடத்துநர் ஒருவர் வாயிலிலே நின்று கடைசிப் பிள்ளையின் இரு கால்களும் உள்ளே வந்தபின் மணியடிப்பாராயின், அதுவே அப்பாதைக்குப் பெரிய சீர்திருத்தம். அதற்கு மூன்று செக்கன் செல்லும்.

பை, குடை, கழுத்துநாடா ஆகியவற்றின் நீண்ட வார்களும் கவனத்துக்குரியன. அவை கைபிடியிலோ கதவிடுக்கிலோ சிக்கிக்கொள்ள, வண்டி புறப்பட்டுவிடும். வாரை முடிந்து குட்டையாக்கிவிடுதல் ஐந்து நிமிட வேலை.

மழைக்காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபர் தொடக்கம் தை பிறக்கும்வரை காலை வேளை இருண்டேயிருக்கும். நம் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை அரைவெளிச்சத்திலும் தொலைவிலே தெரியும் தன்மையது. மஞ்சள் பஸ்ஸுக்கு அமெரிக்கர் தேடிய நன்மையை நாம் தேடாமலே பெற்றிருக்கிறோம். ஆனால் மழை வந்ததும் அதன்மேல் கருநீலத்திலோ கறுப்பிலோ மழைச்சட்டை ஒன்றைப் போர்த்துவிடுகிறோம். கையிலே கறுப்புக் குடையையும் கொடுக்கிறோம். குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு பிள்ளை வீதியிலே இறங்குகிறது. மழைச்சட்டை வாங்கும்போது மஞ்சளோ வெளிர்நிறமோ கேட்டு வாங்குதல் கூடும். மலைநாட்டிலோ மழையோடு மூடுபனியும் சேர்கிறது. அங்குள்ள வீதிகளுக்கு ஓரமே இல்லை. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். தோட்டத்து லயன்களிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகள் வளைவிலே நின்று பஸ்ஸை மறிக்கின்றனர், அவ்விடத்திலே ஒற்றையடிப்பாதை வந்து சேர்வதால். தரிப்பிடத்தை வளைவிலிருந்து ஒரு நூறு மீற்றர் தள்ளி நேரான இடத்துக்கு மாற்றித்தரும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் தோட்ட நிருவாகமும் சேர்ந்து எழுதிக் கேட்பது பயனுள்ள காரியம். பிள்ளைகளைக் கவனமாயிருங்கள் என்று ஆயிரம் முறை சொல்வதைவிடத் தரிப்பிடத்தை ஒருமுறை மாற்றுவது மேல்.

புகையிரதக் கடவைக்கு வருவோம். 1938 டிசெம்பர் முதலாம் நாள், அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே, பனி பொழிந்து கண் தெரியாத காலை வேளையில், பாடசாலைப் பஸ் ஒன்று புகையிரதத்தில் மோதுண்டு இருபதுக்கு மேற்பட்ட மாணாக்கர் இறந்தனர். அதன் பயனாக, பாடசாலைப் பஸ் எந்தக் கடவையிலும் நின்று, சாரதி வண்டியின் கதவைத் திறந்து, செவிகொடுத்துக் கேட்டபின்பே செல்லவேண்டும் என்ற வழக்கம் அந்நாட்டிலே பரவிற்று. கண் ஏமாற்றினாலும் காது உதவும் என்ற எளிய அறிவு அது. நம் நாட்டிலே 2005 ஏப்பிரல் 27ஆம் நாள் பொல்காவலைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரையில் பயணிகள் பஸ் ஒன்று கடவையிலே புகையிரதத்தோடு மோதி, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்கமுடியாது. 2025 யூலை 8ஆம் நாள் கடலூரை அடுத்த செம்மங்குப்பத்திலே பள்ளி வான் ஒன்று அவ்வாறே மோதுண்டு மூன்று மாணாக்கர் இறந்தனர். வடபகுதிக்கு இதிலே தனிக் கவலையுண்டு. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் வந்தது. இருபத்துநான்கு ஆண்டுக்காலம் தண்டவாளமே இல்லாத ஊரிலே வளர்ந்தவர்கள் இன்று சாரதிகளாகவும் பெற்றாராகவும் இருக்கின்றனர். புகையிரதத்தின் வேகத்தைக் கண்ணால் அளந்து பழகாத தலைமுறை அது. தூரத்தே சிறிதாகத் தெரியும் வண்டி வந்துசேர நேரமாகும் என்று நினைக்கத் தோன்றும். காவலில்லாத கடவையிலே பாடசாலை வான் சாரதி வண்டியை நிறுத்தி, வானொலியை அணைத்து, கண்ணாடியை இறக்கிக் கேட்டுவிட்டுச் செல்வாராக. வானொலியிலே பேசிக்கொண்டு வானொலியை அணைக்கச் சொல்வது நகைப்புக்கிடமாகலாம். ஆயினும் அந்த அரை நிமிடம் எங்கள் குரல் இல்லாமல் இருக்கலாம்.

பாடசாலை வானிலே உதவியாளர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது பலரும் ஒப்பும் கொள்கை. நடைமுறையிலே சாரதி ஒருவரே வண்டி ஓட்டுகிறார்; கதவைத் திறக்கிறார்; சண்டை பிடிக்கும் இருவரை அதட்டுகிறார்; தாயொருத்தி தொலைபேசியில் அழைத்தால் அதற்கும் பதில் சொல்கிறார். உதவியாளரை வைத்தால் கட்டணம் ஏறும் என்பது உண்மை. இருபது வீட்டார் பகிர்ந்துகொள்ளும்போது அவ்வேற்றம் தாங்கக்கூடியது என்றே நான் கருதுகிறேன். அயலிலுள்ள நம்பிக்கையான பெண் ஒருவருக்கு அது ஒரு பிழைப்பாகவும் அமையும். அவர் பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கி, வீதியைக் கடத்திவிட்டு வருவார். வண்டியின் கீழே எவருமில்லை என்று பார்த்தபின் சாரதிக்குச் சைகை காட்டுவார்.

அவருக்குரிய இன்னொரு வேலையும் உண்டு. அவர் இல்லாத வண்டியிலே அதைச் சாரதியே செய்யவேண்டும். அதிகாலை நாலரை மணிக்கு எழுப்பப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளை பின்னிருக்கையிலே உறங்கிவிடும்; சில வேளை இருக்கைக்குக் கீழே சரிந்து கிடக்கும். மற்றப் பிள்ளைகள் இறங்கியதும் கதவைப் பூட்டிவிட்டுச் சாரதி போய்விடுவார். வெயிலிலே மூடிக்கிடக்கும் வண்டியின் உட்புறம் பத்து நிமிடத்திலேயே வெளியைவிட ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறிவிடும், அதன்பின்னும் ஏறிக்கொண்டேயிருக்கும். 2018ஆம் ஆண்டுக் கோடையிலே தென் கொரியாவில் பராமரிப்பு நிலைய வண்டியொன்றிலே மறக்கப்பட்ட சிறு குழந்தை இவ்வாறு இறந்தது. அதன்பின் அந்நாட்டார் சட்டமொன்று செய்தனர். வண்டியின் பின்கோடியிலே பொத்தான் ஒன்று பொருத்தப்படும். வண்டியை நிறுத்திய சாரதி எழுந்து கடைசி இருக்கை வரை நடந்து சென்று அதை அழுத்தினாலொழிய எச்சரிக்கை ஒலி ஓயாது. பொத்தானுக்காக அவர் நடக்கிறார். நடக்கும்போது இருக்கைகளைப் பார்த்துவிடுகிறார். நம் வான்களிலே அக்கருவி இல்லாவிடினும், வண்டியின் சாவியையோ தம் உணவுப் பொதியையோ பின்னிருக்கையின் அருகே தொங்கவிட்டால் சாரதி அங்கே போய்த்தான் ஆகவேண்டும். வராத பிள்ளையைப்பற்றி வகுப்பாசிரியர் எட்டு மணிக்குள் வீட்டுக்கு அறிவிக்கும் ஒழுங்கும் இருத்தல் வேண்டும். வீட்டார் ‘பிள்ளை வானிலே வந்ததே’ என்பார்களாயின், உடனே ஒருவர் மதிலோரம் நிற்கும் வானுக்கு ஓடிப் பார்க்கலாம்.